காதில் பூச்சுற்றும் கோட்டை: ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1968-ல் படமாக்கப்பட்டு 1969 தொடக்கத்தில் திரைக்கு வந்த ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ என்ற இரண்டாம் உலகப்போர்ப் படத்தில் லாஜிக் ஓட்டை தேட ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. எல்லார் கண்ணிலும் முதலில் படுவது ஹெலிகாப்டர். கதை நடப்பது 1943-44 குளிர்காலத்தில். கோட்டை முற்றத்தில் ஜெர்மன் தளபதியை ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவதோ பெல் 47. அந்த ரகம் முதன்முதலாகப் பறந்ததே 1945 டிசம்பரில், அதுவும் அமெரிக்காவில். இதைக் கண்டுபிடித்தவுடன் பலர் திருப்தியாகச் சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஆனால் ஹெலிகாப்டர் சில்லறை விஷயம். ஜெர்மானியரிடம் அப்போதே ஃபிளெட்னர் 282, ஃபோக்கே-ஆக்கெலிஸ் 223 என்று இரண்டு ரக ஹெலிகாப்டர்கள் இருந்தன. இரண்டாவதை 1944 இலையுதிர் காலத்தில் மிட்டன்வால்ட் பக்கம் மலைப்படையோடு சேர்ந்து ஆல்ப்ஸிலேயே சோதித்தும் பார்த்தார்கள். படக்குழு கைக்குக் கிடைத்த வண்டியை வைத்து ஒப்பேற்றியது, அவ்வளவுதான். கதையை உண்மையிலேயே கவிழ்க்கக்கூடிய ஓட்டைகள் வேறு இடங்களில் இருக்கின்றன. பெரும்பாலும் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. இவ்வளவு ஓட்டைகளோடும் இந்தப் படம் ஏன் இன்னும் அலுக்கவில்லை என்பதற்கான விடையும் அந்த இடங்களில்தான் இருக்கிறது. நம்ப முடியாததைச் சொல்ல வேண்டிய இடத்தில் படம் ஓரிரு வசனத்தோடு நகர்ந்துவிடுகிறது. கயிறு, கம்பி, கதவு, வெடி என்று வேலை நடக்கும் இடத்தில் மட்டும் அவசரமே படாமல் உட்கார்ந்து காட்டுகிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நேச நாட்டுப் படையெடுப்பின் திட்டம் முழுவதும் தெரிந்த அமெரிக்க ஜெனரல் கார்னபி விமானம் சுடப்பட்டு ஜெர்மானியரிடம் சிக்கிவிடுகிறார். பவேரிய ஆல்ப்ஸில், கேபிள் காரில் மட்டுமே போகக்கூடிய ஒரு கோட்டையில் அவரை வைத்திருக்கிறார்கள். மேஜர் ஸ்மித் (ரிச்சர்ட் பர்ட்டன்) தலைமையில் ஏழு பேர் ஜெர்மன் சீருடையில் பாராசூட்டில் குதிக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் அமெரிக்க ரேஞ்சர் ஷாஃபர் (கிளின்ட் ஈஸ்ட்வுட்). மேரி (மேரி யூர்) மற்றவர்களுக்குத் தெரியாமல் அதே விமானத்திலிருந்து குதிக்கிறாள். குழுவுக்குள்ளேயே துரோகிகள் இருக்கிறார்கள். பிடிபட்ட ஜெனரல் உண்மையில் ஜெனரலே இல்லை, வேஷம் போட்ட நடிகர். நிஜ வேட்டை பிரிட்டனில் இருக்கும் ஜெர்மன் ஒற்றர்களின் பெயர்ப் பட்டியலுக்காக. அலிஸ்டர் மக்லீன் முதலில் திரைக்கதையாக எழுதி, அதையே நாவலாகவும் ஆக்கினார். நாவல் 1967-ல் வெளிவந்தது. இயக்கம் பிரையன் ஜி. ஹட்டன். சண்டைக் காட்சிகளுக்கான இரண்டாம் யூனிட்டை நடத்தியவர் யாகிமா கனுட். ‘பென்-ஹர்’ படத்தின் தேரோட்டப் பந்தயத்தை அமைத்துக் கொடுத்தவர் அவர். இந்தப் படத்தின் பாதிப் பெருமை கனுட்டுக்குத்தான் சேர வேண்டும்.

பறக்க முடியாத தூரம்

இசையமைப்பாளர் ரான் குட்வினின் டிரம் முழக்கத்தோடு, பனிமலைகளுக்கு நடுவே ஒரு யுங்கர்ஸ் 52 தள்ளாடிக்கொண்டு வருவதில் படம் தொடங்குகிறது. சுவிஸ் விமானப்படை அப்போதும் ஓட்டிக்கொண்டிருந்த நிஜ விமானம் அது. நெளித்தகட்டு உடம்பும் மூன்று எஞ்சினும் அசல். எதிரி நாட்டுக்குள் எதிரியின் விமானத்திலேயே போவது நல்ல யோசனையும்கூட. அந்த மூன்று எஞ்சின் சத்தம் தலைக்கு மேல் கேட்டால் ஊர்க் காவலாளி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான்.

சிக்கல் பெட்ரோலில் இருக்கிறது. யுங்கர்ஸ் 52 சாதாரண டாங்குகளோடு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் போகும். கூடுதல் டாங்க் வைத்தால் 1,300 வரை இழுக்கலாம். லண்டனிலிருந்து சால்ஸ்பர்க் பக்கம் வரவே 1,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் அது ஐந்து மணி நேரப் பறப்பு. வந்து சேரலாம், திரும்ப முடியாது. படத்திலோ அதே விமானம் திரும்பிப் போய், மறுபடி வந்து, எதிரியின் விமானத் தளத்திலேயே இறங்கி ஆட்களை ஏற்றிக்கொள்கிறது. 1943 செப்டம்பர் கடைசியிலேயே நேச நாடுகளின் கைக்கு வந்துவிட்ட இத்தாலியின் ஃபோஜாவிலிருந்து கிளம்பியதாக வைத்தால் ஒரு வழித் தூரம் 730 கிலோமீட்டர்தான். அப்படியும் போக வர 1,460 ஆகிறது, கணக்கு உதைக்கிறது. நாவலில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். அதற்கு இந்தத் தூரம் பெரிய விஷயமே இல்லை. திரைக்கு அழகான விமானம் வேண்டும் என்று மாற்றியபோது பெட்ரோல் கணக்கை யாரும் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை.

குதிப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. விமானத்தின் வேகத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் வரை குறைத்தாலும் ஒரு நொடிக்கு 44 மீட்டர் ஓடிவிடும். ஒரே பக்கக் கதவு வழியாக, நொடிக்கு ஒருவர் என்று ஏழு பேர் குதித்தால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 260 மீட்டருக்கு மேல் இடைவெளி விழும். மலைச்சரிவில் அவ்வளவு நீளத்துக்குப் பாறையும் மரமும் இல்லாத சமதளம் கிடைப்பது லேசில்லை. ஆனால் இந்த ஆபத்தைத் திரைக்கதை சாமர்த்தியமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இறங்கியதும் ரேடியோ ஆள் ஹாரோட் கழுத்து முறிந்து செத்துக் கிடக்கிறார். இப்படி ஒரு இறக்கத்தில் ஏழில் ஒருவர் சாவது யாருக்கும் ஆச்சரியமாகப் படாது; அதனால்தான் கொலைகாரன் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தான்.

அடுத்தது ரேடியோ. கையடக்கப் பெட்டியில் மைக்கைப் பிடித்து, ‘பிராட்ஸ்வேர்ட் காலிங் டேனி பாய்’ என்று குறிப்பெயர் சொல்லி ஸ்மித் லண்டனோடு நேரடியாகப் பேசுகிறார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் உளவாளிகள் சுமந்த ‘டைப் 3 மார்க் 2’ பெட்டி சூட்கேஸ் அளவில் ஏறத்தாழ 15 கிலோ எடை. சிற்றலையில் 3 முதல் 16 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். சக்தி 20 வாட் சுற்றுவட்டாரம். நீளமான ஏரியல் கம்பியை மரத்துக்கு மரம் கட்ட வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் அதில் மோர்ஸ் தந்திக் குறிதான் அடிப்பார்கள். அதே சக்தியில் குரலைவிட மோர்ஸ் வெகுதூரம் தெளிவாகப் போய்ச் சேரும் என்பதே காரணம். பள்ளத்தாக்கின் அடியில் நின்று மைக்கில் பேசி, இவர்களை அனுப்பிவைத்த அட்மிரல் லண்டனிலிருந்து உடனே பதில் சொல்வது சுத்தமான சினிமா. பர்ட்டனின் குரலில் மோர்ஸ் தட்டலைக் கேட்க முடியாது என்பதால் இதை மன்னித்துவிடலாம்.

சீருடை விஷயத்தில் பலர் குறை சொல்வது தவறு. எதிரியின் உடுப்பில் பிடிபட்டால் ஒற்றன் என்று சுட்டுவிடுவார்களே, சொந்த உடுப்பில் போயிருக்கலாமே என்பார்கள். 1942 அக்டோபர் 18-ல் ஹிட்லர் பிறப்பித்த கமாண்டோ ஆணைப்படி சொந்தச் சீருடையில் வந்த கமாண்டோவையும் கொன்றுவிட வேண்டும். எந்த உடுப்பில் போனாலும் முடிவு ஒன்றுதான் என்றால், கதவு திறக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டு போவதே புத்திசாலித்தனம்.

கேபிள் கார்

படத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. இது அந்தக் காலத்து ஆல்ப்ஸில் பரவலாக இருந்த இரட்டைப் பெட்டி முறை. இரண்டு பெட்டிகளும் தனித்தனித் தாங்குகம்பிகளில் ஓடும். இரண்டையும் இழுப்பது ஒரே இழுவைக் கம்பி. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். ஒன்றின் எடை மற்றதைச் சமன் செய்வதால் மோட்டார் இழுக்க வேண்டிய சுமை குறையும். இதனால் இரண்டு பெட்டிகளும் எப்போதும் பாதையின் சரிநடுவில்தான் சந்திக்கும். ஸ்மித் இறங்கும் பெட்டியின் கூரையிலிருந்து ஏறும் பெட்டிக்குத் தாவும் காட்சி இந்த ஒரு இயந்திர உண்மையின் மேல்தான் நிற்கிறது. கீழிருந்து எதிர்ப்பெட்டி நெருங்குவதை நாம் முன்கூட்டியே பார்த்துவிடுகிறோம். எங்கே சந்திக்கும் என்று தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. நெஞ்சு படபடப்பது அதனால்தான்.

தாவலையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பெட்டியும் நொடிக்கு 4 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஒன்றை ஒன்று கடக்கும் வேகம் நொடிக்கு 8 மீட்டர், அதாவது மணிக்கு 29 கிலோமீட்டர். மூன்று மீட்டர் நீளப் பெட்டி அரை நொடிக்குள் கடந்து போய்விடும். பனி உறைந்த கூரையிலிருந்து, சண்டையில் களைத்த ஒருவர், பக்கவாட்டு இடைவெளியைத் தாண்டி, அந்த அரை நொடிக்குள் மேல்தண்டைப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் 29 கிலோமீட்டர் வேகத்தின் உதறலைத் தோள்மூட்டு தாங்க வேண்டும். நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. இரண்டாம் தடவை யாரும் முயற்சி செய்ய மாட்டார்கள். பர்ட்டனுக்கு டூப் போட்டுத் தாவியவர் ஸ்டன்ட் கலைஞர் ஆல்ஃப் ஜாய்ன்ட். ஆபத்தான இடமெல்லாம் டூப்புகளின் வேலை என்பதால், ‘வேர் டபிள்ஸ் டேர்’ என்று பெயர் வைத்திருக்கலாம் என ஈஸ்ட்வுட் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள்.

சின்னச் சின்ன விஷயங்களில் காட்டிய கவனத்தையும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் நுழையும்போது ஸ்மித்தும் ஷாஃபரும் பெட்டியின் கூரையில் படுத்துக்கொண்டு போகிறார்கள். பெட்டி மேல்நிலையத்துக்குள் புகுவதற்கு முன்பே நிலையத்தின் கூரைக்குத் தாவிவிடுகிறார்கள். அது சரியான முடிவு. பெட்டியின் கூரைக்கும் நிலையத்தின் உத்தரத்துக்கும் நடுவே மனித உடம்பு நுழையும் இடைவெளி இருக்காது. கூரையிலேயே கிடந்திருந்தால் நசுங்கியிருப்பார்கள். பிறகு மேலே சன்னலிலிருந்து மேரி கயிறு விட, கைமாற்றிக் கைமாற்றி ஏறுகிறார்கள். இதையெல்லாம் படம் வசனமே இல்லாமல் பொறுமையாகக் காட்டுகிறது. இன்றைய வேகத்தில் வெட்டினால் முப்பது நொடிதான் மிஞ்சும். அப்படி வெட்டினால் படமும் செத்துவிடும்.

படம் தடுக்கி விழும் இடம் வெடி. ஸ்மித் மறுபெட்டிக்குத் தாவியதும் அவர் விட்டு வந்த பெட்டி, உள்ளிருந்த துரோகியோடு வெடித்துச் சிதறுகிறது. மறுபெட்டி எதுவுமே நடக்காததுபோல் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் இழுப்பது ஒரே கம்பி. ஒரு பக்கத்தில் சில நூறு கிலோ திடீரென்று அறுந்து விழுந்தால் கம்பி சாட்டைபோல் துள்ளும், மறுபெட்டி ஊசலாடும். இழுவைக் கம்பியின் முறுக்கம் தளர்ந்தால் தாங்குகம்பியைக் கவ்விப் பிடிக்கும் தானியங்கி பிரேக் இந்த வகைப் பெட்டிகளில் உண்டு. அது விழுந்திருந்தால் ஸ்மித் நடுவானில் தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனாலும் அதற்குப் பிறகு படம் தன் கணக்கை மறக்கவில்லை. மிச்சம் ஒரே பெட்டி. தப்பிப்பதும் அந்த ஒன்றில்தான்.

இங்கே ஒரு வரலாற்றுச் சங்கதி. 1943 செப்டம்பர் 12 அன்று இத்தாலியின் கிரான் சாசோ மலை விடுதியில் சிறைவைக்கப்பட்டிருந்த முசோலினியை ஜெர்மானியர் மீட்டார்கள். அந்த விடுதிக்கும் வழி கேபிள் கார். மேஜர் மோர்ஸின் பாராசூட் வீரர்கள் கீழ்நிலையத்தைப் பிடித்தார்கள். இன்னொரு பிரிவு கிளைடரில் விடுதி வாசலிலேயே இறங்கியது. காவலர்கள் சுடாமல் குழம்பட்டும் என்று இத்தாலிய ஜெனரல் சொலேட்டியை உடன் அழைத்து வந்தார்கள். குட்டி ஷ்டோர்ஷ் விமானம் முசோலினியைத் தூக்கிக்கொண்டு போனது. மலை, கேபிள் கார், வான்வழி இறக்கம், குழப்பத்துக்கு ஒரு ஜெனரல் என்று எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. அப்படியானால் படத்தின் பெரிய ஓட்டை இதுதான்: சில மாதங்களுக்கு முன் இதே வித்தையைத் தாங்களே செய்து காட்டிய ஜெர்மானியர், தங்கள் கேபிள் காரின் கூரையைப் பார்க்க ஒரு காவலாளியை நிறுத்தவில்லை.

மண்டபம்

படத்தின் பாதியைத் தாண்டியதும் பெரிய மண்டபக் காட்சி வருகிறது. நீள மேஜை, கணப்பு அடுப்பு, பிராந்தி. கர்னல் கிராமர் (ஆன்டன் டிஃப்ரிங்), ரைஷ்மார்ஷல் ரோஸ்மையர், போலி ஜெனரல், பிடிபட்டதுபோல் வந்து சேர்ந்த மூன்று துரோகிகள். ஸ்மித்தும் ஷாஃபரும் துப்பாக்கியோடு நுழைகிறார்கள். உடனே ஸ்மித் துப்பாக்கியை ஷாஃபர் பக்கம் திருப்பி, தான்தான் ஜெர்மன் ஒற்றன், அந்த மூவரும் போலிகள் என்கிறார். நிரூபிக்கிறேன் பேர்வழி என்று மூவரிடமும் நோட்டுப் புத்தகம் கொடுத்து, பிரிட்டனில் இருக்கும் ஜெர்மன் ஒற்றர்களின் பெயர்களை எழுதச் சொல்கிறார். எழுதி முடித்ததும் தன் பட்டியலோடு ஒப்பிடலாம் என்று தன் நோட்டைக் கிராமரிடம் நீட்டுகிறார். அது வெற்று நோட்டு.

இதை முதல்முறை பார்க்கும்போது தலை சுற்றும், ஷாஃபருக்குச் சுற்றுவதுபோலவே. இரண்டாம் முறை பார்க்கும்போது கவனிக்க வேண்டியது வேறொன்று. எழுதச் சொல்வதற்கு முன்னால், பிரிட்டனில் இருக்கும் தலைமை ஒற்றனின் பெயரை ஸ்மித் கிராமரிடம் மட்டும் காட்டுகிறார், கிராமர் ஆமோதிக்கிறார். மூன்று நோட்டுகளும் வேண்டியவைதான். ஆனால் உண்மையான மீன் அந்த ஒரு ஆமோதிப்பு. அதுவரை ஸ்மித்துக்குச் சந்தேகமாக மட்டும் இருந்த பெயர், எதிரியின் வாயாலேயே ஊர்ஜிதமாகிவிடுகிறது. பர்ட்டன் எந்த அழுத்தமும் கொடுக்காமல் அதைக் கடந்துபோவதால் பலர் கடைசிக் காட்சி வரை அதை உணர்வதில்லை.

சரி, இது நடக்குமா? இரண்டு தடைகள் உண்டு. களத்தில் இருக்கும் ஒற்றனுக்குத் தன் மேலாளையும் தன் அடுத்த ஆளையும் தவிர யாரையும் தெரியக்கூடாது என்பது உளவுத் தொழிலின் பாலபாடம். மூன்று பேர் உட்கார்ந்து ஒரு நாட்டின் மொத்த வலைப்பின்னலையும் எழுதித் தருகிறார்கள் என்றால் அந்த வலை எப்போதோ அறுந்திருக்கும். இத்தாலியில் ஜெர்மன் தளபதி கெசல்ரிங்கின் தலைமையகத்துக்கு ஒரு தொலைபேசி போட்டதோடு கிராமர் நம்பிவிடுவதும் அவசரம். ஆனாலும் சரிபார்ப்பு என்று ஒன்று நடந்ததாகக் காட்ட வேண்டும் என்ற நினைப்பாவது திரைக்கதைக்கு இருந்தது.

இரண்டாவது தடை பெரியது; 1969-ல் பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. போர்க்காலத்தில் பிரிட்டனில் இருந்த ஜெர்மன் ஒற்றர்கள் அனேகமாக எல்லாரையும் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5 பிடித்துத் தன் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. அவர்களை வைத்து ஜெர்மனிக்குப் பொய்த் தகவல் அனுப்பிய இரட்டை ஏமாற்று வேலையை மேற்பார்த்த குழுவின் தலைவர் ஜான் மாஸ்டர்மன். அவருடைய புத்தகம் 1972-ல் வந்த பிறகுதான் உலகத்துக்கு இது விரிவாகத் தெரிந்தது. ‘கார்போ’ என்ற குறிப்பெயர் கொண்ட ஸ்பானியர் ஹுவான் புஜோல் தனக்குக் கீழே 27 துணை ஒற்றர்கள் இருப்பதாக ஜெர்மானியரை நம்பவைத்தார். 27 பேரும் கற்பனை ஆட்கள். அவருக்கு ஜெர்மனி இரும்புச் சிலுவையும் பிரிட்டன் எம்.பி.இ. பட்டமும் கொடுத்தன. ஆக, 1944 தொடக்கத்தில் யாராவது நேர்மையாக அந்த நோட்டுகளை நிரப்பியிருந்தால், எம்ஐ5 சம்பளத்தில் இருந்தவர்களும் பிறக்கவே பிறக்காதவர்களும்தான் வரிசையாக வந்திருப்பார்கள். கோட்டை, கேபிள் கார், அத்தனை வெடி எல்லாம் லண்டன் அலுவலக அலமாரியில் ஏற்கெனவே இருந்த ஒரு பட்டியலுக்காக.

போலி ஜெனரல் என்ற கற்பனைக்கு மட்டும் நிஜ முன்மாதிரி உண்டு. 1944 மே மாதம், பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியைப் போலவே தோற்றம் கொண்ட கிளிஃப்டன் ஜேம்ஸ் என்ற நடிகரை ஜிப்ரால்டருக்கும் அல்ஜியர்ஸுக்கும் அனுப்பி ஜெர்மன் ஒற்றர்கள் கண்ணில் படவைத்தார்கள். அவர் ராணுவத்தில் சம்பளப் பிரிவு லெப்டினன்ட். மக்லீன் கதையில் சறுக்குவது வேறு இடத்தில்: கார்னபி கிரீட் தீவுக்குப் போகும் வழியில் பிடிபட்டதாகச் சொல்கிறார்கள். கிரீட் 1941 முதல் 1945 வரை ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. ரகசியம் சுமக்கும் ஜெனரல் நேராக எதிரியின் தீவுக்குப் புறப்பட்டார் என்றால் கிராமர் அப்போதே சிரித்திருக்க வேண்டும்.

ரைஷ்மார்ஷல் என்ற பதவி நாஜி ஜெர்மனியில் கோயரிங் ஒருவருக்குத்தான் இருந்தது. ரோஸ்மையர் எங்கிருந்து வந்தார் என்று கேட்கக்கூடாது. கெஸ்டபோ அதிகாரி ஃபான் ஹாப்பன் (டெரன் நெஸ்பிட்) கறுப்புச் சீருடையில் வருவதும் போருக்கு முந்தைய மோஸ்தர். ஆனால் டுசெல்டார்ஃப் ஊரைப் பற்றி மேரியிடம் பேச்சுவாக்கில் விசாரித்து, பதில் ஒன்று இடறியதும் அவர் முகத்தில் வரும் மாற்றத்துக்காக எந்த நிறச் சீருடையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

குண்டும் வெடியும்

ஷாஃபர் இரண்டு கையிலும் எம்பி 40 என்ற ஜெர்மன் சிறு இயந்திரத் துப்பாக்கி வைத்துச் சுடும் காட்சியைப் பற்றிப் பேசாத போர்ப்பட ரசிகர் கிடையாது. எம்பி 40-ன் மேகசினில் 32 தோட்டா. நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 என்ற வேகத்தில் விசையை விடாமல் அழுத்தினால் நான்கு நொடிக்குள் காலி. ஜெர்மன் வீரன் இடுப்பில் கட்டும் இரண்டு பைகளில் மொத்தம் ஆறு மேகசின், 192 தோட்டா, தொடர்ந்து சுட்டால் 23 நொடிக் கணக்கு. ஷாஃபர் அதைப் பல மடங்கு தாண்டிவிடுகிறார். இரண்டு கையிலும் துப்பாக்கி இருக்கும்போது மேகசின் மாற்றக் கை எங்கே இருக்கிறது? காலியான நான்கு நொடிக்குப் பிறகு அவரிடம் இருப்பது ஒவ்வொன்றும் நான்கு கிலோ எடையுள்ள இரண்டு இரும்புத் துண்டுகள்.

ஆனால் அவர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். குறுகலான தாழ்வாரம், வருபவர்கள் ஒரே திசையிலிருந்து ஒருவர் பின் ஒருவராகத்தான் வந்தாக வேண்டும். ஒற்றை ஆள் பலரைத் தடுப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சண்டையின் எண்ணிக்கை பொய், சண்டையின் இடவமைப்பு மெய். படம் முழுக்க இந்தப் பாணிதான்.

வெடிப்பொருளில் வேறு விதமான பிழை. அந்தப் பை அட்சய பாத்திரம் என்பதை விட்டுவிடலாம். குறித்த நேரத்துக்குக் குறித்த வெடி என்பதில்தான் பிரச்சினை. 1944-ல் பிரிட்டிஷ் நாசவேலைக்காரர்கள் பரவலாகப் பயன்படுத்தியது ‘டைம் பென்சில்’. செப்புக் குழாயின் நுனியை இடுக்கியால் நசுக்கினால் உள்ளே கண்ணாடிக் குப்பி உடையும்; அதிலிருக்கும் அரிக்கும் திரவம் மெல்லிய கம்பியைத் தின்னும்; கம்பி அறுந்ததும் ஊசி பாய்ந்து வெடிக்கும். கறுப்புப் பட்டை என்றால் பத்து நிமிடம், சிவப்பு என்றால் முப்பது நிமிடம், வெள்ளை என்றால் இரண்டு மணி நேரம். இதெல்லாம் மிதமான வெப்பத்துக்கான கணக்கு. குளிரில் ரசாயன வேலை மந்தமாகிவிடும். உறைநிலைக்குப் போனால் பத்து நிமிடப் பென்சில் பல மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆல்ப்ஸ் குளிரில், இந்தக் கதவு இப்போது, அந்தக் கதவு இரண்டு நிமிடம் கழித்து என்று வரிசைப்படுத்த முடியாது. கடிகார முள் வைத்த கருவி அல்லது இழுகம்பி என்றால் சரி. சாலையோரத்துக் கம்பங்களில் இழுகம்பி கட்டி வைத்து, பிறகு பஸ்ஸில் தப்பும்போது ஒவ்வொன்றாகச் சரிய விடுவது அந்த வகையில் நம்பக்கூடியது. அதை முன்கூட்டியே கட்டுவதையும் நமக்குக் காட்டிவிடுகிறார்கள். பனி தள்ளும் அலகு பொருத்திய அந்த பஸ்ஸும் அப்படித்தான்: முதலில் கொட்டகையில் சும்மா நிற்கிறது, வெகுநேரம் கழித்து மோட்டார் சைக்கிள்களையும் விமானங்களையும் அள்ளித் தள்ளுகிறது.

ஆற்றில் குதிப்பதுதான் சுத்தமாகக் காதில் பூ. கேபிள் காரிலிருந்து நாலைந்து பேர் நடுக்குளிர்காலத்தில் மலையாற்றில் குதிக்கிறார்கள். உறைநிலையை ஒட்டிய தண்ணீரில் முதல் நிமிடம் மூச்சே பிடிபடாது; பத்து நிமிடத்துக்குள் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. கரையேறிய பிறகும் நனைந்த கம்பளி உடுப்போடு சண்டையைத் தொடர முடியாது. படத்தில் தலையை ஒரு உதறு உதறிவிட்டு பஸ்ஸைக் கிளப்புகிறார்கள். வேறெங்கும் இவ்வளவு பொறுமையாக இருந்த படம் இங்கே மட்டும் அவசரப்படுவது, அதற்கே இது தெரிந்திருந்தது என்பதற்கு அடையாளம்.

நான்கு ஊர், ஒரே கோட்டை

படத்தின் புவியியல் முழுக்க ஒட்டுவேலை. கோட்டை ஆஸ்திரியாவின் வெர்ஃபன் ஊருக்கு மேலிருக்கும் ஹோஹன்வெர்ஃபன். 1070-களில் கட்டத் தொடங்கியது. அங்கே பள்ளத்தாக்கைக் கடக்கும் கேபிள் கார் கிடையாது. கேபிள் கார், 60 கிலோமீட்டர் தள்ளி எபன்ஸேயில் 1927 முதல் ஓடும் ஃபாயர்கோகெல் கம்பிப் பாதை. கிராமம் லோஃபர். விமானத் தளம் ஐகன் இம் என்ஸ்டால். உள்கூடங்கள் லண்டனை அடுத்த போரம்வுட் ஸ்டுடியோவில். இவ்வளவு துண்டுகளையும் சேர்த்த பிறகும், சத்திரத்திலிருந்து நிலையம் எந்தப் பக்கம், மண்டபத்திலிருந்து ரேடியோ அறை எப்படி, கேபிள் கார் அறைக்கு எந்தக் கயிறு வழி என்று பார்ப்பவர் ஒரு வரைபடமே போட்டுவிடலாம். இரண்டரை மணி நேரம் தாண்டும் நீளத்தில் கணிசமான பகுதி இப்படி இடத்தை விளக்கவே செலவாகிறது. நீளம் அதிகம் என்று குறைபடுபவர்கள் வெட்டச் சொல்வது பெரும்பாலும் இந்தப் பகுதிகளைத்தான். அவற்றை வெட்டினால் மண்டபத்துக்குப் பிறகு வரும் முக்கால் மணி நேர ஓட்டம் வெறும் இரைச்சலாகிவிடும்.

கடைசிக் காட்சி விமானத்துக்குள். மீட்க வந்த கர்னல் வயாட்-டர்னர் (பாட்ரிக் வைமார்க்) தான் அந்தத் தலைமை ஒற்றன். கிராமர் ஆமோதித்த பெயர் அவருடையது. அவர் ஸ்டென் துப்பாக்கியை நீட்ட, அதன் ஊசியைக் கிளம்புவதற்கு முன்பே அட்மிரல் எடுத்துவிட்டார் என்று ஸ்மித் அமைதியாகச் சொல்கிறார். துப்பாக்கி அறிந்தவர்கள் இங்கே முணுமுணுப்பார்கள். ஸ்டென்னில் ஊசி தனி உறுப்பாக வராது. போல்ட்டின் முகப்பிலேயே சேர்ந்த சின்ன முனை அது. அதைக் கழற்றி எடுக்க முடியாது, போல்ட்டை வெளியே எடுத்து அரத்தால் ராவித்தான் தீர்க்க வேண்டும். சில நிமிட வேலைதான், செய்த பின் வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. ஆகவே வசனம் தவறு, உத்தி சரி. பாராசூட் இல்லாமல் கதவைத் திறந்து வெளியேற டர்னருக்கு அனுமதி கொடுத்துவிட்டு, இனிமேல் இப்படிப்பட்ட வேலைகளைப் பிரிட்டிஷ்காரர்களோடு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஷாஃபர் ஸ்மித்திடம் அலுத்துக்கொள்வதோடு படம் முடிகிறது.